ஜூலை 1-க்கு முன்: டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மேப்பிள் லீஃப்ஸ் அணியின் தலைவர், பொது மேலாளர், ஒப்பந்தக் கணக்குப் பார்க்கும் உதவி மேலாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

கோடை வந்தால் உங்களிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கேப் ரூம் எவ்வளவு?" NHL பனி ஹாக்கி லீக் ஒவ்வோர் அணிக்கும் விதிக்கும் சம்பள உச்சவரம்பில் (கேப்) அணியின் ஒப்பந்தங்கள் போக மிஞ்சும் அந்தத் தொகை சில மில்லியன் கூடினால் ரசிகர்கள் துள்ளுகிறார்கள், குறைந்தால் சோர்கிறார்கள். எங்கள் கேள்வி வேறு. அந்த இடம் எந்தத் தேதியில் உங்கள் கைக்கு வந்தது, அதைப் பெற என்ன விலை கொடுத்தீர்கள்? கடந்த பல கோடைகளில் இந்த அணிக்கு நேர்ந்த இழப்புகளில் பெரும்பகுதி, இடம் இல்லாததால் வந்தவை அல்ல. இடம் தேவைப்படும் நாள் முன்கூட்டியே தெரிந்திருந்தும், அந்த நாள் வாசலுக்கு வந்த பிறகு அதை விலைக்கு வாங்கப் போனதால் வந்தவை.

முதலில் 2019. மிட்ச் மார்னருக்குப் புதிய ஒப்பந்தம் தர வேண்டிய கோடை அது. இடம் வேண்டி, பேட்ரிக் மார்லோவின் 6.25 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தை ஜூன் 22 அன்று கரோலினாவிடம் தள்ளினீர்கள். கூடவே 2020 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களை எடுக்கும் நிகழ்வு) உங்களுக்கிருந்த முதல் சுற்றுத் தேர்வும் ஒரு ஏழாம் சுற்றுத் தேர்வும் போயின. திரும்பி வந்தது ஒரு ஆறாம் சுற்றுத் தேர்வு. கரோலினா சில நாட்களில் மார்லோவை பைஅவுட் செய்தது, அதாவது ஒரு பங்குச் சம்பளம் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்தது. அவர் 35 வயதைத் தாண்டிய பிறகு எழுதிய ஒப்பந்தம் என்பதால் பைஅவுட் செய்தாலும் 6.25 மில்லியன் முழுதும் கணக்கில் நிற்கும். ஆகவே அதை நீங்களே செய்திருந்தால் உங்களுக்கு எந்த நிவாரணமும் கிடைத்திருக்காது. கீழ்நிலை லீக்குக்கு அனுப்பியிருந்தாலும், அதே 35 வயது விதியால், வெறும் 100,000 டாலர்தான் கழிந்திருக்கும். உங்கள் தேர்வு கடைசியில் 13-ஆம் இடத்தில் விழுந்தது; அதில் கரோலினா எடுத்தது செத் ஜார்விஸை.

2019 ஜூனில் உங்களுக்கு வேறு நல்ல வழி இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். தவறு நடந்தது 2017 ஜூலையில். அப்போது ஆஸ்டன் மேத்யூஸ், மார்னர், வில்லியம் நைலாண்டர் மூவரும் தொடக்கநிலை ஒப்பந்தத்தில் (இளம் வீரரின் முதல் ஒப்பந்தம்) சொற்பச் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். கேப்பில் இடம் தாராளமாக இருந்தது. மார்லோவுக்கு இரண்டு ஆண்டு கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கொடுத்தது மூன்று. அந்த மூன்றாம் ஆண்டு, மேத்யூஸுக்கும் மார்னருக்கும் பெரிய சம்பளம் தொடங்கும் அதே ஆண்டு. நாட்காட்டியைப் பார்த்தாலே தெரியும் செய்தி இது. காத்திருக்க முடியாதவர் ஏலச்சீட்டைத் தள்ளி எடுப்பது போல, இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு முதல் சுற்றுத் தேர்வைக் கழிவாகக் கொடுத்து உங்கள் சொந்தப் பணத்தையே நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

அவ்வளவு கொடுத்து வாங்கிய இடம் எப்படிச் செலவானது என்பதையும் பார்க்க வேண்டும். மார்னருடன் ஆறாண்டுக்கு உடன்பாடு 2019 செப்டம்பர் 13 அன்று, ஆண்டுக்கு ஏறத்தாழ 10.9 மில்லியனில் முடிந்தது. இரண்டு வாரம் கழித்து கொலராடோ மிக்கோ ரான்டனனை அதே ஆறாண்டுக்கு 9.25 மில்லியனில் முடித்தது. டாம்பா பே, முந்திய பருவத்தில் 92 புள்ளி எடுத்த பிரேடன் பாயிண்டை மூன்றாண்டுக்கு 6.75 மில்லியனில் முடித்தது. மார்னர் எடுத்தது 94. ஏறத்தாழ ஒரே வயது, ஒரே தரம், ஒரே கோடை, வித்தியாசம் பேரத்தில்தான். டாம்பாவிடம் அப்போது இடம் குறைவு, அது எல்லோருக்கும் தெரியும், முகவருக்கும் தெரியும். உங்களிடம் இடம் உண்டாக்கப்பட்டது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஊரறியக் காலி செய்த இடத்துக்கு அந்த இடத்தின் அளவே விலையாகிவிடுகிறது. அதனால்தான் சொல்கிறோம்: முதலில் பேரம், பிறகு இடம். கட்டுப்பட்ட ஃப்ரீ ஏஜென்டுக்கு (ஒப்பந்தம் முடிந்தும் உரிமை அணியிடமே இருக்கும் இளையவர்) எவ்வளவு என்று முடிவாவதற்கு முன்பே அவருக்கென ஒரு மூத்த வீரரை விலை கொடுத்து வெளியேற்றுவது, சம்பளத்தை நீங்களே ஏற்றிக்கொள்வதற்குச் சமம்.

அந்த ஆண்டு உச்சவரம்பு 81.5 மில்லியன். மேத்யூஸ், ஜான் டவாரஸ், மார்னர், நைலாண்டர் நால்வருக்கும் சேர்த்து ஏறத்தாழ 40.5 மில்லியன். பாதித் தொகை நான்கு பேருக்கு; மீதிப் பாதியில் பத்தொன்பது பேர். வரம்பு ஆண்டுதோறும் ஏறும் என்று நம்பித்தான் இதைச் செய்தீர்கள். 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தது. வரம்பு மூன்று பருவங்கள் 81.5-லேயே நின்றது, பிறகு 82.5, பிறகு 83.5. பெருந்தொற்றை முன்பே அறிந்திருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமல்ல. ஆனால் ஏறும் என்ற நம்பிக்கையைத் தவிர வேறு எந்தத் தாங்குதலும் இல்லாமல் கணக்கைக் கட்டியது உங்கள் முடிவு. அதன் விளைவை 2021 ஜூலையில் பார்த்தோம். ஸாக் ஹைமன் ஏழாண்டு, 5.5 மில்லியனுக்கு எட்மன்டன் போனார். 2023-24-இல் அங்கே 54 கோல் அடித்தார். 5.5 மில்லியன் அவருக்கு அதிகம் என்று அன்று நினைத்தவர்கள் பலர். அதிகமா குறைவா என்று யோசிக்கும் நிலையிலேயே நீங்கள் இருக்கவில்லை என்பதுதான் உண்மை.

இனி, இடம் உண்டாக்கும் வழிகளின் விலைப்பட்டியல். உங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் ரசிகர்களும் இந்த மடலைப் படிக்கிறார்கள், அவர்கள்தான் ஒவ்வொரு ஜூனிலும் "பைஅவுட் செய்" என்று கூவுகிறார்கள்.

பைஅவுட்டின் கணக்கு இது. 26 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு, மிச்சமுள்ள சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை, மிச்சமுள்ள ஆண்டுகளைப் போல் இரண்டு மடங்கு ஆண்டுகளில் பரப்பிக் கொடுக்க வேண்டும். சைனிங் போனஸ் (சம்பளத்துக்கு வெளியே மொத்தமாகக் கொடுக்கும் தொகை) இதில் குறையாது. கேப் கணக்கில், ஒவ்வோர் ஆண்டும் பழைய கேப் தொகையிலிருந்து அந்த ஆண்டு மிச்சப்படும் பணம் மட்டும் கழியும். இந்தக் கடைசி வரிதான் ஆளை விழுங்குவது. மினசோட்டா 2021-இல் ரயன் சூட்டரையும் ஸாக் பாரிஸேவையும் பைஅவுட் செய்ததைப் பாருங்கள். இருவருக்கும் 13 ஆண்டு, 98 மில்லியன் ஒப்பந்தம். கேப் தொகை தலா 7,538,462. நான்கு ஆண்டு மிச்சம். அந்த நான்கு ஆண்டுகளின் சம்பளம் 6, 2, 1, 1 என மொத்தம் 10 மில்லியன் மட்டுமே. மூன்றில் இரண்டு பங்கை எட்டு ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 833,333. முதல் ஆண்டு மிச்சப்பட்டது 5.17 மில்லியன், ஆகவே கணக்கில் நின்றது 2.37. சுகம். இரண்டாம் ஆண்டு சம்பளமே 2 மில்லியன்தான், மிச்சம் 1.17, கணக்கில் நின்றது 6.37. மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் தலா 7.37. ஆடாத இருவருக்காக 2023-24-இலும் 2024-25-இலும் ஆண்டுக்கு 14.74 மில்லியன் போனது. கடைசி நான்கு ஆண்டுகள் தலா 0.83. சம்பளம் முன்னால் கனத்துப் பின்னால் மெலிந்த ஒப்பந்தத்தை பைஅவுட் செய்தால் இப்படித்தான் நடக்கும்.

மினசோட்டா அதைத் தெரிந்தே செய்தது, சில ஆண்டு வலியை ஏற்றுக்கொள்வதாகத் திட்டமிட்டே செய்தது. அந்தத் தெளிவைப் பாராட்டலாம். எங்கள் அச்சம், அதே வழியை ஒருவர் ஜூன் 28-ஆம் தேதி பதற்றத்தில் எடுப்பது பற்றி. பைஅவுட்டுக்கான முதல் சாளரம் ஜூன் 15 அல்லது இறுதிப் போட்டி முடிந்து 48 மணி நேரம், இதில் எது பிந்தியதோ அன்று திறந்து ஜூன் 30-இல் மூடுகிறது. காயத்தில் இருப்பவரை பைஅவுட் செய்ய முடியாது. 2023-இல் கோல்காப்பாளர் மேட் மரியின் 4.69 மில்லியன் விஷயத்தில் இது உங்களுக்கே நேர்ந்தது. அவர் நீண்டகாலக் காயப் பட்டியலுக்குத்தான் போனார். அதே கோடையில் இலியா சாம்சோனோவின் சம்பளத்தை, சம்பளத் தகராறு தீர்க்கும் நடுவர் 3.55 மில்லியன் என்று தீர்ப்பளித்தபோது 48 மணி நேர இரண்டாம் சாளரம் உங்களுக்குத் திறந்தது. அதை நீங்கள் பயன்படுத்தவில்லை. சரியான முடிவு. சாளரம் திறந்திருப்பதாலேயே குதிக்க வேண்டியதில்லை.

சம்பளத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டு வீரரை விற்பது இரண்டாவது வழி. பாதி வரை தாங்கலாம், ஒரே நேரத்தில் மூன்று ஒப்பந்தங்களுக்கு மேல் கூடாது, மொத்தம் உச்சவரம்பின் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாங்கத் தொடங்கினால் ஒப்பந்தம் முடியும்வரை தாங்க வேண்டும். 2015 ஜூலையில் ஃபில் கெஸலை பிட்ஸ்பர்குக்கு விற்றபோது ஆண்டுக்கு 1.2 மில்லியனைத் தாங்கினீர்கள். அது ஏழு பருவங்கள், 2021-22 வரை ஓடியது. அணியைக் கலைத்துக் கட்டும் ஆண்டில் 1.2 மில்லியன் ஒன்றுமில்லை. ஆனால் வால் பகுதி விழுந்தது வரம்பு உறைந்திருந்த ஆண்டுகளில். 1.2 மில்லியன் என்பது நான்காம் வரிசையில் ஆடும் ஒரு நல்ல வீரரின் சம்பளம். எந்தச் சுமையை ஏற்றாலும் அதன் கடைசி ஆண்டு எந்தப் பருவத்தில் விழுகிறது, அந்தப் பருவத்தில் வேறு யாருடைய ஒப்பந்தம் முடிகிறது என்ற இரண்டையும் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். இது கடினமான கணிதம் அல்ல.

மூன்றாவது, தேர்வுகளைக் கொடுத்துத் தள்ளுவது. 2022-இல் பீட்டர் மிராஸெக்கின் 3.8 மில்லியனை, இன்னும் இரண்டு ஆண்டு மிச்சம் இருக்கையில், சிகாகோவிடம் தள்ளினீர்கள். கொடுத்தது 25-ஆம் தேர்வு, வாங்கியது 38. பதின்மூன்று இடம் இறங்கினீர்கள், முழுத் தேர்வை இழக்கவில்லை. மார்லோ கணக்கோடு ஒப்பிட்டால் இது நியாயமான விலை. அன்று சிலர் கத்தியதற்கு நாங்கள் உடன்படவில்லை.

ஆனால் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். உங்கள் சொந்த முதல் சுற்றுத் தேர்வு 2019-இல் ஜேக் மஸினுக்காகப் போனது. 2020 மார்லோவோடு. 2021 நிக் ஃபோலினோவுக்காக. 2022 மிராஸெக்குக்காகச் சறுக்கியது. 2023 ரயன் ஓ'ரைலிக்காக. 2024-இல் 23-இலிருந்து 31-க்கு இறங்கினீர்கள், அது இழப்பல்ல, ஒரு தேர்வு கூடக் கிடைத்தது. 2025 ஜேக் மெக்கேபுக்காக. அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளையும் 2025 மார்ச்சில் பிராண்டன் கார்லோவுக்கும் ஸ்காட் லாட்டனுக்குமாக நிபந்தனைகளோடு கொடுத்துவிட்டீர்கள். தொடக்கநிலை ஒப்பந்தத்தில் ஆடும் இளைஞருக்கு அடிப்படைச் சம்பளம் ஒரு மில்லியனைத் தாண்டாது. நான்கு பேருக்குப் பாதித் தொகை கொடுக்கும் அணிக்கு அப்படிப்பட்ட மூன்று நான்கு பேர் எப்போதும் வேண்டும். இல்லையென்றால் அதே வேலைக்கு 2.5 மில்லியனுக்கு ஒரு மூத்தவரைச் சந்தையில் வாங்க வேண்டும். தேர்வைக் கொடுத்து இடம் வாங்குகிறீர்கள், தேர்வு இல்லாததால் அந்த இடம் மறுபடி தீர்ந்துபோகிறது.

நான்காவது வழி நீண்டகாலக் காயப் பட்டியல்: அதில் இருப்பவரின் தொகை அளவுக்கு அணி வரம்பைத் தாண்டலாம். இதில் நீங்கள் கெட்டிக்காரர்கள் என்று சொல்லியே ஆக வேண்டும். 2015-இல் டேவிட் கிளார்க்சனைக் கொலம்பஸுக்குக் கொடுத்து, இனி ஆடவே முடியாத நேதன் ஹார்ட்டனின் 5.3 மில்லியனை வாங்கினீர்கள். 2019 ஜூலையில் அதே கிளார்க்சனின் 5.25 மில்லியனை வேகாஸிடமிருந்து திரும்ப வாங்கினீர்கள், ஒரு நான்காம் சுற்றுத் தேர்வும் சேர்த்து. ஆடாத இருவர், 10.55 மில்லியன் கூடுதல் தாங்குதல். சீசன் தொடங்கும் நாளில் அணியின் மொத்தத்தை வரம்பின் விளிம்பு வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு அவர்களைப் பட்டியலில் இட்டால், அவர்களின் தொகை ஏறக்குறைய முழுவதும் பயனாகும். விளிம்புக்குக் கீழே எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவு வீண்.

அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு இன்று மதிப்புக் குறைந்துவிட்டது. டாம்பா பே 2021-இல் நிகிதா குச்செரோவை வழக்கமான பருவம் முழுவதும் பட்டியலில் வைத்து, பிளேஆஃப்பில் இறக்கிக் கோப்பையை வென்றது. வரம்பைவிட 18 மில்லியன் அதிகம் என்று அச்சடித்த பனியனை அவர் போட்டுக்கொண்டு கொண்டாடியது நினைவிருக்கும். 2025-26 முதல் பிளேஆஃப்பிலும் அன்றைக்குக் களமிறங்கும் வீரர்களின் தொகை வரம்புக்குள் அடங்க வேண்டும். காயமானவர் அதே பருவத்தில் திரும்பி வருவார் என்றால் அவருக்குப் பதில் லீக்கின் சராசரிச் சம்பளம் வரைதான் நிவாரணம். பருவத்துக்கும் பிளேஆஃப்புக்கும் சேர்த்து வரமாட்டார் என்றால் மட்டுமே முழுத் தொகை. ஆக, பிப்ரவரியில் யாராவது காயப்படுவார், அப்போது ஒருவரை வாங்கிக்கொள்ளலாம் என்ற கோடைத் திட்டம் இனி செல்லாது. மேலும் அந்தப் பட்டியலைப் பயன்படுத்தும் அணிக்கு அன்றாட இடம் சேராது.

அன்றாட இடம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜூலையில் நீங்கள் தொடர்ந்து கோட்டைவிடுவது இங்கேதான். கேப் நாள் கணக்கில் ஓடுகிறது. பருவம் சுமார் 190 நாள் என்று வைத்துக்கொள்வோம். அக்டோபரில் 1 மில்லியன் இடம் விட்டு, காயப் பட்டியலைத் தொடாமல் ஓட்டினால், 40 நாள் மிச்சமிருக்கும் வர்த்தகக் கெடுவில் ஏறத்தாழ 4.75 மில்லியன் ஆண்டுச் சம்பளம் உள்ளவரை வாங்க முடியும். பாதியை விற்பவர் தாங்கினால் 9.5 மில்லியன் வீரர். ஜூலையில் அந்த ஒரு மில்லியனை ஏழாவது தற்காப்பு வீரருக்குக் கொடுத்தால் மார்ச்சில் இந்தப் பேச்சே இல்லை. ஜூலை 1 மதியத்தில் தொடங்கி மாலைக்குள் எல்லா இடத்தையும் நிரப்பிவிடுவது நிர்வாகத் திறமையாகப் பார்க்கப்படுகிறது. நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை.

கோடையில் வரம்பை 10 சதவீதம் மீறலாம் என்ற விதி பழக்கத்தைக் கெடுக்கிறது. 95.5 மில்லியன் வரம்பில் அது 105 வரை. ஜூலையில் வசதியாகத் தெரியும். அக்டோபர் தொடக்கத்துக்குள் இறங்கியே ஆக வேண்டும். செப்டம்பர் கடைசி வாரத்தில் 3 மில்லியன் குறைக்க அலையும் அணியிடம் மற்ற முப்பத்தொரு பேரும் எப்படிப் பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எட்மன்டனின் 2024 கோடை இதற்கு நல்ல பாடம். ஜூனில் இறுதிப் போட்டியின் ஏழாம் ஆட்டத்தில் தோற்றது. ஜூலை 1 அன்று ஜெஃப் ஸ்கின்னரையும் விக்டர் ஆர்விட்ஸனையும் வாங்கியது. இளையவர்களான ஃபிலிப் புரோபெர்க், டிலன் ஹாலோவே இருவரும் கட்டுப்பட்ட ஃப்ரீ ஏஜென்டுகள், எங்கே போகப்போகிறார்கள் என்று விட்டுவைத்தது. ஆகஸ்ட் 13 அன்று செயின்ட் லூயிஸ் இருவருக்கும் ஒரே நாளில் ஆஃபர் ஷீட் (பிற அணியின் கட்டுப்பட்ட வீரருக்கு முன்வைக்கும் ஒப்பந்தம்; பழைய அணி அதே தொகையைக் கொடுக்காவிட்டால் நஷ்டஈடாகத் தேர்வுகள் பெறும்) கொடுத்தது: புரோபெர்குக்கு 4,580,917, ஹாலோவேக்கு 2,290,457. இந்த எண்கள் தற்செயல் அல்ல. அந்த ஆண்டின் நஷ்டஈட்டு அட்டவணையில் இரண்டாம் சுற்றுத் தேர்வுக்கும் மூன்றாம் சுற்றுத் தேர்வுக்குமான மேல்விளிம்புகள் அவை. ஒரு டாலர் கூடினால் விலை ஒரு படி ஏறிவிடும். ஏழு நாள் அவகாசம். எட்மன்டனால் இரண்டையும் ஈடுகட்ட இயலவில்லை, இருவரும் போனார்கள்.

இந்த வழியை லீஃப்ஸ் பெரிய வீரர்கள்மீது பயன்படுத்த முடியாமல் போனதற்குக் காரணம், நஷ்டஈடு கொடுக்கச் சொந்தத் தேர்வுகளே வேண்டும், பிறரிடம் வாங்கியவை செல்லாது. மேலே எழுதிய பட்டியலை மறுபடி பாருங்கள்.

அடுத்து, ஒப்பந்தத்திலுள்ள தேதிகள். மார்னரின் நோ-மூவ்மென்ட் உறுதி 2023 ஜூலை 1 அன்று உயிர்பெற்றது. கட்டுப்பாடற்ற ஃப்ரீ ஏஜென்ட் ஆகும் தகுதி வரும் ஆண்டுகளுக்கு மட்டுமே அந்த உறுதியைத் தர முடியும் என்பதால் அந்தத் தேதி. அதற்கு முந்தைய நாள்வரை அவரிடம் கேட்காமலே விற்கலாம். மறுநாள் முதல் அவர் சொல்வதுதான் முடிவு. அந்த ஆண்டு மே 19 அன்று பொது மேலாளர் போனார், மே 31 அன்று புதியவர் வந்தார். அணியின் மிகப் பெரிய முடிவுக்குப் புதியவருக்கு இருந்தது ஒரு மாதம். இரண்டு ஆண்டு கழித்து 2025-இல் மார்னர் தாம் விரும்பிய வேகாஸுக்கு, எட்டாண்டு 12 மில்லியனில், உங்களோடு கையெழுத்திட்ட பிறகு மாற்றும் முறையில் போனார். நிக்கோலா ராய் உங்களிடம் வந்தார். ஒருவர் இலவசமாகப் போகவிருந்த நிலையில் ராய் கிடைத்தது லாபமே என்று வாதிடலாம். 2023 ஜூனில் என்ன கிடைத்திருக்கும் என்ற கேள்வி அதனால் மறைந்துவிடாது. மேலாளரை மாற்றுவதென்றால் ஏப்ரலில் மாற்றுங்கள். ஜூலை 1-இல் உயிர்பெறும் உறுதிகள் எத்தனை என்று எண்ணிவிட்டு மாற்றுங்கள்.

2025 கோடை இன்னொன்றையும் காட்டியது. டவாரஸ் 11 மில்லியனிலிருந்து 4.38-க்கு இறங்கினார், 6.62 மில்லியன் விடுபட்டது. மேத்யூ நைஸ் தொடக்கநிலைச் சம்பளத்திலிருந்து 7.75-க்கு ஏறினார், கூடிய தொகை ஏறக்குறைய அதே அளவு. ஒன்றுக்கு ஒன்று சரி. மார்னர் விட்டுச்சென்ற இடம்தான் உண்மையான இடம். அதை வைத்து யாரை வாங்குவது? வரம்பு 88-இலிருந்து 95.5-க்கு ஏறியதால் எல்லா அணிகளும் தம் ஆட்களைத் தாமே வைத்துக்கொண்டன. ஃப்ளோரிடா சாம் பென்னட்டை 8, ஆரன் எக்பிளாடை 6.1, பிராட் மார்ஷாண்டை 5.25 மில்லியனில் மூவரையும் நிறுத்திக்கொண்டது. சந்தைக்கு வந்தவர்கள் நடுத்தரத்தினர், விலை மட்டும் உயர்தரம். 2025 ஜனவரியில் அறிவித்தபடி 2026-27-க்கு 104, 2027-28-க்கு 113.5 மில்லியன் என்றால் இந்த நிலை தொடரும். இடம் எல்லோரிடமும் இருக்கும்போது இடத்துக்கு மதிப்பில்லை.

ஆகவே ஏறும் வரம்பில் மலிவாகிக்கொண்டே போகும் ஒன்றை வாங்குங்கள்: உங்கள் இளையவர்களின் நீண்ட ஒப்பந்தம். நைலாண்டரின் 11.5 மில்லியன் 88 மில்லியன் வரம்பில் 13 சதவீதம், 113.5-இல் 10 சதவீதம். கடைசி ஆண்டு தொடங்குவதற்கு முந்தைய ஜூலை 1 முதல் நீட்டிப்புப் பேசலாம். அன்றே தொடங்குங்கள். 2018-இல் நைலாண்டர் டிசம்பர் 1 மாலை வரை கையெழுத்திடாமல் இருந்தார். அன்று முடியாவிட்டால் அந்தப் பருவமே ஆட முடியாது. தாமதத்தால் முதல் ஆண்டுக் கேப் தொகை 10 மில்லியனைத் தாண்டி, பின் ஐந்து ஆண்டுகள் ஏழுக்குச் சற்றுக் குறைவாக விழுந்தது. கணக்கில் அது உங்களுக்குச் சாதகமாகவே முடிந்தது, ஏனென்றால் அந்த ஆண்டு மேத்யூஸும் மார்னரும் இன்னும் மலிவு. ஆட்டத்தில் அல்ல, 54 ஆட்டத்தில் 27 புள்ளி. அந்தத் தற்செயல் லாபத்தை மறுபடி எதிர்பார்க்காதீர்கள்.

பணக்கார அணி என்ற வகையில் உங்களுக்கு இருந்த ஒரு சலுகையும் சுருங்குகிறது. டவாரஸின் 2018 ஒப்பந்தத்தில் 77 மில்லியனில் 70.89 மில்லியன் சைனிங் போனஸ். அப்படி எழுத எல்லா அணிகளிடமும் ரொக்கம் இல்லை. வீரர் விரும்புவார், விலை சற்று இறங்கும். 2026 செப்டம்பரில் தொடங்கும், லீக்குக்கும் வீரர் சங்கத்துக்குமான புதிய கூட்டு ஒப்பந்தத்தில் போனஸ் மொத்தத்தின் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சொந்த வீரருக்கு எட்டாண்டு என்பது ஏழாகவும் மற்றவருக்கு ஏழு என்பது ஆறாகவும் குறைகிறது. குறைந்தபட்சச் சம்பளம் முதலில் 850,000, 2029-30-க்குள் ஒரு மில்லியன். அடிமட்டத்தில் எட்டுப் பேர் இருந்தால் அங்கேயும் கணக்கு ஏறும்.

ரொக்கம் இன்னும் பயன்படும் இடம் ஒன்று உண்டு: போனஸ் கொடுத்த பிறகு ஒப்பந்தத்தை மாற்றுவது. மான்ட்ரியால் 2025-இல் கேரி பிரைஸின் 10.5 மில்லியன் ஒப்பந்தத்தைச் சான் ஹோசேயிடம் தந்தது செப்டம்பர் 5 அன்று. நான்கு நாள் முன்பு 5.5 மில்லியன் போனஸைத் தானே கொடுத்துவிட்டது. மிச்சம் 2 மில்லியன்தான். ஓர் அணி குறைந்தது செலவிட வேண்டிய கீழ்வரம்பான 70.6 மில்லியனை எட்ட வேண்டியிருந்த சான் ஹோசேக்கு அது லாபம். மான்ட்ரியால் கூடக் கொடுத்தது ஒரு ஐந்தாம் சுற்றுத் தேர்வு. ஆடாத வீரர், காலமும் வேறு, மார்லோவோடு நேராக ஒப்பிட முடியாது என்பது தெரியும். ஆனாலும் 6.25-ஐ ஜூனில் தள்ள முதல் சுற்று, 10.5-ஐச் செப்டம்பரில் தள்ள ஐந்தாம் சுற்று. 2019 டிராஃப்டில் எல்லா மேலாளர்களும் ஒரே அரங்கில் இருந்தார்கள் என்பதற்காக அங்கேயே தள்ளியிருக்க வேண்டியதில்லை.

வரும் ஜூன் 15-க்குள் நீங்கள் செய்ய வேண்டியதாக நாங்கள் கேட்பவை இவை. அடுத்த மூன்று பருவங்களுக்கும் ஒவ்வொரு ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டையும் ஒரே தாளில் வையுங்கள். முப்பத்திரண்டு வயது தாண்டியவருக்கு எழுதும் எந்த ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டும், ஓர் இளையவரின் புதிய சம்பளம் தொடங்கும் ஆண்டில் விழக் கூடாது. கட்டுப்பட்ட ஃப்ரீ ஏஜென்டுகளில் யாருக்கு ஆஃபர் ஷீட் வரக்கூடும், எந்த விளிம்பு எண்ணில் வரக்கூடும் என்று எழுதி, அந்தத் தொகையை ஜூலை 1 செலவுக்கு வெளியே ஒதுக்குங்கள். ஆகஸ்ட் கடைசிவரை அதைத் தொடாதீர்கள். அக்டோபரில் குறைந்தது ஒரு மில்லியன் மிச்சம் வைத்துத் தொடங்குங்கள். இன்னொரு முதல் சுற்றுத் தேர்வை வெறும் இடத்துக்காகக் கொடுக்கும் நிலை வந்தால், கொடுப்பதற்கு முன், அந்த இடத்தில் உட்காரப்போகும் வீரரின் சம்பளம் ஏற்கெனவே எழுத்தில் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் தொலைபேசியைக் கீழே வையுங்கள்.

இப்படிக்கு,
அணியின் கணக்கைத் தொடர்ந்து பார்த்துவரும் ஸ்கார்பரோ ரசிகர்கள் சிலர்